தாமிரபரணிப் படுகொலை: விசாரணை ஆணையம் நீதிமன்றத்துக்கு மாற்றாகாது

1999 ஜூலை 23 அன்று, நெல்லை கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணியைக் காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. பலர் உயிர் தப்புவதற்காகத் தாமிரபரணியில் இறங்கினர். இரண்டு பெண்கள், கைக்குழந்தை ஒன்று உட்பட 17 பேர் இறந்தனர். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், போராடிச் சிறைப்பட்டவர்களை விடுவிக்க வேண்டும் என்பவையே பேரணியின் கோரிக்கைகள்.

அரசு, நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்தச் சாவுகளுக்காகக் காவல் அதிகாரி எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையத்தின் முடிவு பரிந்துரை மட்டுமே. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அதன் முன் ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான குற்ற வழக்கில் சான்றாகப் பயன்படுத்தவும் முடியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டிலும் இந்த வரம்பு வெளிப்பட்டது. அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரை தானாகவே வழக்காக மாறுவதில்லை.

ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் அடுத்தடுத்த படிகளாகக் கொண்ட நாடு அர்ஜென்டினா. 1983இல் ராணுவ ஆட்சி வீழ்ந்தபின், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஆணையம் 1984இல் அறிக்கை தந்தது. அது திரட்டிய சான்றுகள் 1985இல் ராணுவம் சாராத நீதிமன்றத்துக்குச் சென்றன. ஒன்பது ராணுவத் தளபதிகள் கூண்டில் நின்றனர். ஐவர் தண்டனை பெற்றனர். இடையில் வந்த மன்னிப்புச் சட்டங்களை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றதும் வழக்குகள் மீண்டும் உயிர்பெற்றன. சர்வாதிகாரம் வீழ்ந்த நாட்டில் முடிந்தது, தேர்தல் நடக்கும் நாட்டில் முடியாமல் போவதற்கு நியாயமில்லை.

இந்தியச் சட்டத்திலும் வழி உண்டு. கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும் என்ற விதி, கடமையோடு தொடர்புடைய செயல்களை மட்டுமே காக்கும். ஆயுதப்படையினருக்கும் முழுமையான விலக்கு கிடையாது என்று மணிப்பூர் போலி மோதல் கொலைகள் தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கும் ஆணையிட்டது.

இவற்றின் அடிப்படையில் எங்கள் நிலைப்பாடு:

1. 17 சாவுகளையும் தமிழகக் காவல்துறைக்கு வெளியே உள்ள குழு, உயர் நீதிமன்றக் கண்காணிப்பில் புலனாய்வு செய்ய வேண்டும்.

2. தடியெடுத்தவரோடு நில்லாமல், உத்தரவிட்டவர், தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்காதவர் ஆகியோரின் பொறுப்பும் விசாரிக்கப்பட வேண்டும்.

3. உடற்கூறாய்வு அறிக்கைகள், ஒளிப்படங்கள், காணொளிகள், ஆணையத்தின் ஆவணங்கள் அனைத்தையும் அரசு பாதுகாத்து, குடும்பத்தாருக்கு நகல் தர வேண்டும்.

4. வழக்குத் தொடர அனுமதி கோரப்பட்டால், அரசு அதைத் தாமதிக்காமல் வழங்க வேண்டும்.

5. இனி காவல்துறை நடவடிக்கையில் உயிர் போகும் ஒவ்வொரு நிகழ்விலும், ஆணையம் அமைந்தாலும் அமையாவிட்டாலும், குற்ற வழக்கு உடனே பதிவாக வேண்டும்.

இழப்பீடு குடும்பத்தின் உரிமை. அது தண்டனைக்கு ஈடாகாது. ஆண்டுதோறும் ஜூலை 23இல் ஆற்றங்கரையில் மலர் தூவும் கட்சிகள் அனைத்தும், இக்கோரிக்கைகளைச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டும்.