அரை நாள் டீச்சர்

2012இல் பணி ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "அரை நாள்தானே, மத்தியானச் சோறாக்க வந்துருவேல்ல?"

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் போட்ட அதே கணக்கைத்தான் அரசும் போட்டிருந்தது என்று புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் மதுரை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியை. அரசு ஏட்டில் 'பகுதிநேரப் பயிற்றுநர்'. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 2011 நவம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. 16,549 இடங்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு. மே மாதம் சம்பளம் கிடையாது. 5,000 பிறகு 7,000 ஆனது, 7,700 ஆனது, 2021இல் 10,000 ஆனது, 2024இல் 12,500 ஆனது. இறந்தவர், ஓய்வு பெற்றவர், வெறுத்துப் போனவர் எல்லாம் போக, இதை எழுதும் 2025இல் சுமார் 12 ஆயிரம் பேர் மிச்சம் இருக்கிறோம். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த 181ஆவது வாக்குறுதி எங்களைப் பணி நிரந்தரம் செய்வதுதான். எங்களில் பலருக்குச் சொந்தக் கைபேசி எண் மறந்தாலும் இந்த 181 மறக்காது.

"பன்னிரண்டு அரை நாளுக்கு 12,500 ரூபாய் என்றால், அரை நாளுக்கு ஆயிரம் ரூபாய் வருகிறதே, குறைவா?" என்று ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். பதில் சொல்கிறேன். மே மாதத்தைச் சேர்த்து வகுத்தால் மாதம் 11,458 ரூபாய். செவ்வாய், வியாழன், வெள்ளி காலையில் பள்ளிக்குப் போகிறவளுக்கு மீதி அரை நாட்களுக்கு வேறு வேலை கொடுக்கிற முதலாளி எங்கள் ஊரில் யாரும் இல்லை. அதோடு, அந்த அரை நாள் ஒருநாளும் அரை நாளாக இருந்ததில்லை.

என் தையல் வகுப்பு நாற்பது நிமிடம். அது போக நான் என்னென்ன செய்திருக்கிறேன்? எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றியிருக்கிறேன், ஏனென்றால் 'உங்களுக்குத்தான் டைம் இருக்கு'. ஆண்டு விழாவுக்கு நாற்பது பிள்ளைகளின் பாவாடைக்கு விடிய விடிய மடிப்புத் தைத்திருக்கிறேன். விலையில்லாச் சீருடை வந்து இறங்கியதும், அளவு சேராததைப் பிரித்துத் தைப்பது என் வேலை. (அந்தச் சீருடைகளைத் தைப்பவர்களும் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள்தான். அவர்களுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. அரசுப் பள்ளிப் பிள்ளையின் உடம்பில் கிடக்கும் துணியில் ஓடுகிற நூல் முழுக்கவே குறைகூலிப் பெண்களுடையது.) கணக்கு ஆசிரியர் விடுப்பு என்றால் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கும் நடத்தியிருக்கிறேன்.

இன்னொன்று எந்தப் பதிவேட்டிலும் வராது. எங்கள் பள்ளியில் அப்போது பெண் ஆசிரியர்கள் இரண்டே பேர். மற்றவர் தலைமை ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளை வகுப்பின் நடுவே பாவாடையில் கறையோடு எழுந்து நின்றால் ஓடி வருவது தையல் அறைக்குத்தான். துணி இருக்கும், ஊசி இருக்கும், கதவு இருக்கும். 'புதுயுகம்' திட்டத்தில் அரசு தரும் நாப்கினை எப்படி வைப்பது, எங்கே போடுவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அந்த அறையில்தான் நடந்தது. என் முறை இல்லாத நாளில் யாருக்காவது வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். நான்கைந்து நாள் வராது. அதனாலேயே முறை இல்லாத நாட்களிலும் போனேன். போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் சிக்கலே. பெண்கள் கட்டாயம் இல்லாமலே செய்துவிடுவார்கள் என்பதை நம்பித்தான் இந்த 'பகுதி' என்ற சொல்லே நிற்கிறது.

2014இல் இரண்டாவது பிள்ளை. அப்போது நிரந்தர அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு ஆறு மாதம், முழுச் சம்பளத்தோடு. அது பிறகு ஒன்பது மாதமாகி, 2021 முதல் பன்னிரண்டு மாதம். நல்ல விஷயம், பெண்கள் போராடிப் பெற்ற விஷயம். நான் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் அல்ல. மெதுவாகத்தான் சொன்னார்: "உங்களுக்கு மாசத்துக்குப் பன்னெண்டு அரை நாள்தானம்மா. அதுக்கு எந்த விதியில லீவு எழுதுறது?" நாற்பதாவது நாள் பள்ளிக்குப் போனேன். பத்தரை மணிக்கு மாரில் பால் கட்டிவிடும். தையல் வகுப்பில் மிஞ்சிய வெட்டுத் துணியை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த அறையில் வேறொரு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த நிரந்தர ஆசிரியை, விடுப்பு முடிந்து பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தார். எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையை இப்போதும் நினைத்து வெட்கப்படுகிறேன். என்னை அவருக்கு எதிராக நிறுத்தியது அரசாணை. அதன்மேல் வர வேண்டிய கோபத்தை அந்தப் பெண்மேல் இறக்கினேன்.

சரி, இது ஏன் பெண்ணியக் கட்டுரைத் தொகுப்புக்கான விஷயம்? பகுதிநேர ஆசிரியர்களில் ஆண்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்களுடைய துன்பமும் உண்மை. ஆனால் இந்தச் சம்பளம் யாருடைய உடம்பை அளவெடுத்துத் தைக்கப்பட்டது என்று பாருங்கள். வேறு ஒரு வருமானத்தின் நிழலில் இருப்பவருக்கு, வீட்டில் சோறு ஆக்கிவிட்டு வருபவருக்கு, மே மாதத்தில் 'சும்மா' இருக்க முடிகிறவருக்கு. அதாவது மனைவிக்கு. அந்தச் சட்டையை ஓர் ஆணுக்கு மாட்டினால் பிதுங்கத்தான் செய்யும்.

தமிழகத்தில் பெண்ணின் சம்பளம் எப்போதுமே சம்பளமாகப் பார்க்கப்பட்டதில்லை. 1912இல் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்க ஆரம்பித்தார். பெரிய காரியம், அவருக்கு நான் கடன்பட்டவள். ஆனால் சமூகம் அதை ஏற்றுக்கொண்டது, 'துணை இல்லாதவள், பிழைக்க ஒரு வழி' என்று. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அந்த வேலைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. அதுவும் கருணைக் கணக்கு. புருஷன் இல்லாதவளுக்குக் கொடுத்தால் அது கருணை. புருஷன் இருப்பவளுக்குக் கொடுத்தால் அது கைச்செலவு. செய்த வேலைக்கு விலை என்பது இரண்டிலும் இல்லை. சொற்களையே பாருங்கள். எங்களுக்கு வருவது 'தொகுப்பூதியம்'. சத்துணவுக் கூடத்து அக்காக்கள் பல ஆண்டு கேட்டுக்கொண்டிருப்பது 'காலமுறை ஊதியம்'. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்த அரசு அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. வீட்டு வேலைக்குக்கூட உரிமை என்ற சொல்லைத் தேடி எடுக்கத் தெரிகிறது, மகிழ்ச்சி. வகுப்பறையில் பதின்மூன்று வருடம் நின்றவளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

அரசு நீதிமன்றத்துக்குப் பயப்படாதா என்று கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று வழிகாட்டுகிறது. 2016 அக்டோபரில் பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்கிறவருக்குக் குறைத்துக் கொடுப்பது சுரண்டி அடிமைப்படுத்துவது என்று கடுமையாகவே சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்களைத் தொடாமல் தடுக்கிற மதில்தான் 'பகுதிநேரம்' என்கிறேன். அதே வேலை இல்லை, அரை வேலைதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நிரந்தர ஆசிரியர்களுக்கே இந்த விளையாட்டு உண்டு. 2009 ஜூன் 1க்கு ஒரு நாள் முன்பு சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், அன்று சேர்ந்தவருக்கு 5,200. இரண்டு பேரும் நடத்துவது அதே ஒன்றாம் வகுப்பு, அதே 'அ, ஆ'. அவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2003இல் வேலை நிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு வேலையை விட்டு நீக்கியபோது மாநிலமே அதிர்ந்தது. நாங்கள் வேலை நிறுத்தம் செய்தால் காஜா எடுக்கும் வகுப்பு ஒன்று நடக்காது. யார் அதிரப்போகிறார்கள்?

2024இல் இன்னொரு வேடிக்கை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட்டு அதன் வழியே புதிய கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அயோக்கியத்தனம். பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைத்து மொழியைத் திணிப்பதற்கு வேறு பெயர் இல்லை. தமிழக அரசு மறுத்தது சரி, வழக்குப் போட்டதும் சரி. அந்தப் போராட்டத்தில் நான் அரசின் பக்கம். ஆனால் அந்த மாதங்களில் எங்கள் சம்பளம் வருமா வராதா என்று வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துக் காத்திருந்தவளும் நான்தான். பெரியாரின் மண், சுயமரியாதை மண் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மே மாதம் வந்தால் சோப்பு வாங்கக் கணவரிடம் கை நீட்டுகிற ஒரு பட்டதாரிப் பெண்ணின் மரியாதை, டெல்லியோடு போடும் கணக்கில் எந்தத் தலைப்பில் வருகிறது? விடியல் பயணம் வந்த பிறகு பேருந்துக்கு மட்டும் கை நீட்டுவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை, அதாவது சங்கத்தின் கதை. சென்னையில் கல்வித் துறை வளாகம் முன்பு உட்கார்ந்திருக்கிறேன். கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் பேருந்தில் இறங்கியதிலிருந்து மண்டபத்துக்குள் கொண்டுபோகும்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்த பெண்கள் எங்களில் பாதிக்கு மேல். எங்கே ஒதுங்குவது என்று தெரியாது. பலர் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டு, மாமியாரிடம் 'ட்ரெய்னிங்' என்று பொய் சொல்லி வந்தவர்கள். மேடையில் ஒரு தோழர் தொண்டை கிழியப் பேசினார்: "இந்தச் சம்பளத்துல ஓர் ஆம்பளை எப்படிங்க குடும்பம் நடத்துவான்? எங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்குறாங்க!" கைதட்டல் அதிர்ந்தது. நானும் தட்டினேன். பாதித் தட்டலில் கை நின்றுவிட்டது. ஓர் ஆம்பளை எப்படிக் குடும்பம் நடத்துவான் என்றால், பொம்பளைக்கு இது போதும் என்றுதானே பொருள்? கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பதையே நாங்கள் வெயிலில் உட்கார்ந்து கோஷமாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

என் அருகில் இருந்த ஓவிய ஆசிரியை கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அவரும் குடும்பம்தான் நடத்துகிறார். அடுத்து இருந்த உடற்கல்வி ஆசிரியை திருமணம் வேண்டாம் என்று இருப்பவர். 'பொண்ணு குடுக்க மாட்டேங்குறாங்க' என்ற வாக்கியத்தில் அவருக்கு எங்கே இடம்? கொடுக்கப்படும் பொருளாக மட்டும்தானே?

சங்கத்தை விட்டுப் போகமாட்டேன். போனால் 5,000 ரூபாய் 12,500 ஆனதுகூட நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றும் ஆணின் பெயரால் கேட்கப்படும் ஊதிய உயர்வு, அடுத்த முறையும் பெண்ணின் தலையில்தான் கைவைக்கும். வேலைக்குச் சம்பளம் கேட்போம். யார் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அரசுக்கு எதற்கு?

போன ஆண்டு மாவட்டக் கூட்டத்தில் எனக்கு வழக்கம்போல நன்றியுரை. பெண்களுக்கு எங்கள் சங்கத்தில் இரண்டு வேலைதான், வரவேற்புரை அல்லது நன்றியுரை. நன்றி சொல்லும் முன், கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பையும் மே மாதச் சம்பளத்தையும் முதல் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்றேன். தலைவர் சிரித்தபடி, "பணி நிரந்தரம் வந்துட்டா எல்லாம் தன்னால வந்துரும்மா. முதல்ல பொதுக் கோரிக்கை, அப்புறம் லேடீஸ் பிரச்சினை" என்றார்.

பன்னிரண்டு மாதமும் சாப்பிடுவது லேடீஸ் பிரச்சினையா என்று கேட்டேன். மண்டபத்துக்குப் பணம் கட்டிய நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள். அச்சாகி வந்த பட்டியலில் மே மாதச் சம்பளம் மூன்றாவது இடத்தில் இருந்தது. மகப்பேறு விடுப்பு ஒன்பதாவது. அடுத்த கூட்டத்துக்கு ஓவிய ஆசிரியையும் நானும் இன்னும் பதினொரு பேரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். கூட்டத்தில் மைக் தராவிட்டால் கையால் எழுதிய பிரதிகளை நாற்காலி நாற்காலியாகக் கொடுப்பதாக முடிவு.