என்ன ராகம்?
மார்கழிக் கச்சேரியில் ஆலாபனை தொடங்கியதும் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பரபரப்பு வந்துவிடும். தர்பாரா, நாயகியா? பைரவியா, மாஞ்சியா? விடை கிடைத்ததும் முகம் தெளியும். அதோடு கேட்பதும் முடிந்தது. கைப்பேசி வெளியே வரும், கேன்டீன் நினைப்பும்தான். ராகம் தெரிவது நல்லதே. 72 மேளகர்த்தாவையும் ஒப்பிப்பவர்மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் பாடகர் ஒரு காந்தார ஸ்வரத்தில் நின்று, அசைத்து, விட மனமில்லாமல் திரும்ப அங்கேயே வருவது எந்தக் கேள்விக்கும் பதிலல்ல. படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று வாழ்க்கையையும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்போலத்தான் ஒவ்வொன்றாக ‘முடித்து’க்கொண்டிருக்கிறோம். இரவுச் சாப்பாட்டில் பிள்ளை அளக்கும் பள்ளிக்கூடக் கதையை, “சரி, அதுக்கு இப்ப என்ன பண்ணணும்?” என்று பாதியில் நிறுத்துகிற அப்பாக்கள்தான் எத்தனை பேர்!