தோல் இல்லாத மிருதங்கம்

கச்சேரி மேடையில் மிருதங்க வித்வானின் நெற்றியில் விபூதி அல்லது திருமண் இருக்கும். விரலுக்கடியில் பசுவின் தோல் இருக்கும். சபாக்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெங்களூரைச் சேர்ந்த கே. வரதரங்கன் சுற்றி வளைக்காமல் ஒரு விடை தந்தார்: தோலே வேண்டாம்.

வரதரங்கன் தகவல் தொடர்புப் பொறியாளர், கர்நாடக சங்கீதப் பாடகரும்கூட. அவருடைய கருண்யா மியூசிக்கல்ஸ் 'ஸ்ரீ' என்ற பெயரில் மிருதங்கமும் தபேலாவும் தயாரிக்கிறது. மிருதங்கத்தில் பலாக்கட்டைக்குப் பதில் ஃபைபர் கிளாஸ், தோலுக்குப் பதில் செயற்கைப் படலம். எருமைத் தோல் வார் போய் போல்ட், நட்டு வந்துவிட்டது. சுருதி கூட்டக் கல்லும் குச்சியும் தேவையில்லை, ஸ்பானர் போதும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. மேற்கத்திய டிரம்முக்கு 1950களிலேயே பிளாஸ்டிக் முகம் வந்துவிட்டது. அமெரிக்காவின் ரெமோ நிறுவனம் மறுசுழற்சி செய்த மரநாரிலிருந்து டிரம்மின் உடலையே செய்கிறது. மிருதங்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

காரணம் வலந்தலையின் நடுவில் இருக்கும் கரிய வட்டம். சாதாரணத் தோல் முகத்தைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராது. அதனால் சத்தம் வருமே தவிர, ஸ்வரம் நிற்காது. மிருதங்கம் மட்டும் எப்படி சுருதியில் பேசுகிறது என்று சி.வி. ராமன் 1920ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1933ல் பெங்களூருக்குக் குடிவந்த பிறகு, 1934ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தோல் மீது மணலைத் தூவி அதிர்வுகளின் வடிவத்தைப் பார்த்தார். நடுவில் ஏற்றிய கனம் ஒன்பது வகை அதிர்வுகளை ஐந்து இசைவான ஒலிகளாகச் சேர்த்துவிடுகிறது என்று காட்டினார். சோற்றையும் கல் பொடியையும் குழைத்துப் பூசியவர்கள் சமன்பாடு எதுவும் இல்லாமல், காதை மட்டும் நம்பிச் செய்து வைத்திருந்த விஞ்ஞானம் அது. வெறும் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினால் இந்த நாதம் வராது.

புதிய வாத்தியத்தின் சௌகரியங்கள் வெளிப்படை. மழையில் தொய்யாது, ஏ.சி. அரங்கில் இறுகாது. வெளிநாட்டில் மூட்டுப் போட ஆள் தேட வேண்டியதில்லை. நாதம் தோலுக்கு ஈடாகுமா என்பதில் வித்வான்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது.

சுற்றுச்சூழல் கணக்கும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஃபைபர் கிளாஸ் மட்காது. படலமும் பெட்ரோலியத்தின் பிள்ளைதான். பாரம்பரிய மிருதங்கத்திலோ மறுசுழற்சி முன்பே இருக்கிறது. தோல் கிழிந்தால் மூட்டுதான் மாறும், கட்டை மாறாது. தாத்தா வாசித்த கட்டையில் பேரன் வாசிப்பான். பழைய கட்டைக்கு மவுசும் அதிகம். செயற்கை முகம் நீண்ட காலம் உழைத்தால்தான் 'பசுமை' என்ற பெயருக்கு நியாயம் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய கேள்வி மனிதர்களைப் பற்றியது. மிருதங்கம் செய்வோரில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, சுருதி சேர்ப்பவர்கள் அவர்கள். தஞ்சாவூர் செபாஸ்டியன் பரம்பரையில் வந்த பர்லாந்து இல்லாமல் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் மேடையில் அவருக்கு இடம் இருந்ததில்லை. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 2020ல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தரச் சம்மதித்த கலாக்ஷேத்ரா பின்னர் அனுமதியை ரத்து செய்தது. தோலைப் பற்றிய பேச்சு இன்னும் எவ்வளவு கூசுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கர்நாடகத்தில் சட்டமும் குறுக்கே வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த பசுவதைத் தடைச் சட்டம், 13 வயது தாண்டிய எருமைக்கு விலக்கு அளித்தது. தோல் கிடைப்பது கடினமாகும்போது செயற்கை மிருதங்கம் ஒரு தேவையாகவே மாறலாம்.

அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். பசுத்தோலின் சங்கடத்தோடு, அதைத் தொட்டு உழைத்தவர்களையும் சங்கீத உலகம் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம். அல்லது புதிய வாத்தியத்தின் பட்டறையில் அவர்களுக்கே முதல் இடம் தரலாம். பொருள் மாறினாலும் நாதத்தை எடைபோடக் காது வேண்டும். அந்தக் காது தலைமுறை தலைமுறையாக யாரிடம் இருக்கிறது என்பது வித்வான்களுக்குத் தெரியாததல்ல.