பம்பருக்குப் பின்னால்

கார்களின் மோதல் சோதனைக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் இரண்டாம் பதிப்பின் வரைவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்டது. மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, பாதசாரிகள் உள்ளிட்ட, சாலையில் எளிதில் அடிபடுவோரின் பாதுகாப்புக்கு. 2027 அக்டோபரில் நடைமுறை என்கிறது வரைவு. ஆதரிக்கிறோம். பாதசாரிப் பாதுகாப்புத் தரமான ஏஐஎஸ்-100 தேறினால் போதும் என்று முகப்பு வரைந்த காலம் முடியட்டும்.

"ஏரோடைனமிக்ஸ் கெட்டுப்போகும்" என்கிற முணுமுணுப்பு இப்போதே கேட்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்த வழக்கை என்றோ முடித்துவிட்டன. பாதசாரிக்கு ஆகாத, மடங்கி எழும் ஹெட்லைட், கார்வெட் சி5, லோட்டஸ் எஸ்பிரி இரண்டோடும் 2004இல் விடைபெற்றது. 2006இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே, ஆள் மேல் மோதியதும் பானெட்டை வெடித்துத் தூக்கியது; தாழ்ந்த மூக்கையும் விடாமல் எஞ்சினுக்கு மேல் இடைவெளியும் தர அப்படியொரு வழி. கெண்டைக்காலைத் தாங்கும் கீழ்ச்சட்டமோ ஏர் டேமுக்கு வேண்டிய அதே தாழ்வில்தான் உட்காருகிறது. காற்றும் காலும் அங்கே ஒரே பக்கம். நிமிர்ந்த எஸ்யூவி மூக்கைக் காற்று கேட்கவில்லை. ஷோரூமில் நிற்கிறவர் கேட்கிறார்.

அது இருக்கட்டும். சோதனைக்கூடத்தில் 40 கி.மீ. வேகத்தில் கால் மாதிரி மோதுவது புத்தம்புது பம்பரில். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் போகும் சாலையில், விடிவதற்குள் திராட்சைத் தோட்டத்துக்கு நடக்கிறவரை நோக்கி வருவது, இரண்டு முறை கழற்றி மாட்டிய பம்பர். உள்ளே அடியை வாங்கும் ஃபோம் இருக்காது. பட்டறைக்காரர்களான நமக்குத் தெரியாததா? மார்க்கெட் பம்பர் வாங்குகிறோம், நொறுங்கிய ஃபோமைக் குப்பையில் போடுகிறோம், கிளிப் மாட்டி பெயிண்ட் அடித்து அனுப்புகிறோம். எஸ்டிமேட்டில் ஃபோமுக்குத் தனி வரி எழுதிய ஒரு பட்டறைக்காரரிடம் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டார்: "அது எதுக்குண்ணே, பம்பர்தான் நிக்குதுல்ல?"

பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பியான கிராஷ் கார்டைப் பற்றியும் பலமுறை எழுதியாகிவிட்டது. 2017 டிசம்பரில் அதற்கு எதிராக மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி மாநிலங்களுக்கு அமைச்சகம் கடிதம் எழுதியது. கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளில் கம்பி இன்றும் மின்னுகிறது. பிடிபட்டால் தண்டம் வண்டிக்காரருக்கு. விற்றவர் அடுத்த வண்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை உற்றுப் பார்க்கிற கண்ணுக்குப் பம்பரின் உள்பக்கம் படுவதே இல்லை. சொந்தக் கார் என்றால் 15 ஆண்டுகள் அந்தப் பார்வையும் கிடையாது. டெல்லியில் உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணுகிறவர்கள், அந்தக் கார் ஒருமுறை இடித்து வந்த பிறகு எத்தனை நட்சத்திரம் மிச்சம் என்றும் எண்ண வேண்டாமா?

ஃபோமும் கீழ்ச்சட்டமும் முகப்பு விபத்து இழப்பீட்டில் கட்டாய வரியாக வேண்டும். அவற்றை உற்பத்தியாளர் தனிப் பாகமாக, கட்டுப்படியாகும் விலையில் விற்க வேண்டும். அதுவரை எஸ்டிமேட்டில் அந்த வரியை எழுதிக்கொண்டே இருங்கள். சர்வேயர் அடித்தால் அடிக்கட்டும்; அடித்த தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.