வறட்சியில் கிணற்று நீர் யாருக்கு?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்றதும் துறைமுகமும் ஆலைப் புகைபோக்கிகளும் உங்கள் நினைவுக்கு வரும். இந்த ஆலைகளுக்கும் மீஞ்சூர்ப் பக்கத்து நெல்வயல்களுக்கும் என்ன தொடர்பு? இரண்டும் பல ஆண்டுகள் ஒரே நிலத்தடி நீரைப் பங்கிட்டுக் கொண்டவை.

கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் இப்பகுதியில் நிலத்துக்கடியே மணலும் சரளையும் படிந்துள்ளன. மழைநீர் அவற்றில் இறங்கித் தங்கும். 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு இந்நீர்வளம் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. ஆலைகளுக்கும் சென்னை நகருக்கும் நீர் சென்றது.

வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் என்ன ஆகும்? பூமிக்குள் இறங்கும் நீர் குறையும். வெளியே இறைக்கும் நீரோ கூடும். கடலோரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அதிகம். ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை அது உப்புநீரைத் தடுத்து நிறுத்தும். அந்த 1 மீட்டர் போய்விட்டால் உப்புநீர் நிலத்தடியே உள்ளே நகரும். மீஞ்சூரில் இதுவே நடந்தது. 1969-இல் கடலிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர்வரை வந்திருந்த உப்புநீர், 1983-இல் ஏறத்தாழ 7 கிலோமீட்டரை எட்டியது. உப்பேறிய நிலத்தடி நீரை ஒரு நல்ல மழை மாற்றிவிடாது.

விவசாயி இதை எப்படிச் சமாளிக்கிறார்? நெல்லைக் குறைத்து வேர்க்கடலை, எள், கேழ்வரகு போடுகிறார். கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்துகிறார். மாட்டை விற்கிறார். வேறு வேலை தேடிப் போகிறார். 2003–04 போன்ற வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குத் தம் கிணற்று நீரையே விற்றவர்களும் உண்டு.

"விருப்பப்பட்டுத்தானே விற்கிறார்கள்? நகரத்தின் தாகமும் தாகந்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிணறு ஒருவருடையது. அதில் ஊறும் நீர் ஊருக்கே பொது. ஒருவர் இரவும் பகலும் இறைத்தால் அடுத்தவர் கிணற்றிலும் மட்டம் இறங்கும். விற்றவருக்குப் பணம் கிடைக்கும். அவருடைய தரிசு நிலத்தில் நாற்று நட்டிருக்க வேண்டிய கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? ஒருவர் பிழைக்க மற்றவர் இழப்பதைச் சமாளிப்பு என்று சொல்ல முடியுமா?

வறட்சிக் காலத்தில் நிலத்தடி நீர் முதலில் குடிக்கவும், பிறகு பயிருக்கும் என்பதே முறை. ஆலைகளுக்கு வேறு வழி இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு மின்சாரம் ஏராளமாகத் தேவை. கொடுங்கையூரில் 2019-இல் தொடங்கிய நிலையமோ, நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்வரை ஆலைகளுக்குத் தருவதற்காக அமைந்தது. இயந்திரங்களைக் குளிர்விக்கவும் கழுவவும் இந்த நீர் போதாதா? ஆலைகள் இதையே முதலில் நாட வேண்டும்.

உங்கள் ஊரில் கிணறு இருந்தால், மாதந்தோறும் ஒரே தேதியில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்தின் ஆழத்தை அளந்து வரைபடமாக்குங்கள். மழையளவையும் பக்கத்தில் குறியுங்கள். மழை நன்றாகப் பெய்தும் மட்டம் ஏறவில்லையா? நீரை எடுப்பது யார் என்று தைரியமாகக் கேளுங்கள்.