"ரீமாஸ்டர்" என்று நம் காதில் சுற்றும் பூ

1) "ரீமாஸ்டர்"னு ஒரு வார்த்தையைப் போட்டு நம்ம காதுல பூ சுத்துறாங்க மக்களே. பழைய இளையராஜா பாட்டோ, 70-கள் ராக் ஆல்பமோ, இந்த முத்திரையோட மறுபடி வருது. நாமளும் "செம கிளாரிட்டி!"னு கமெண்ட் போடுறோம். பல நேரம் கூடினது கிளாரிட்டி இல்ல, சத்தம். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2) முதல்ல அர்த்தம். குரல், வயலின், டிரம்ஸ்னு பதிவு செஞ்சதை ஒண்ணா சேர்க்குறது மிக்ஸிங். சேர்த்ததை எல்பிக்கோ கேசட்டுக்கோ சிடிக்கோ ஏத்தபடி கடைசியா பக்குவம் பண்றது மாஸ்டரிங். பழைய மூல டேப்பை எடுத்து அந்தக் கடைசி வேலையைத் திரும்பச் செஞ்சா, அதுதான் ரீமாஸ்டர். யூடியூப்ல கிடைச்சதை இறக்கி, பேஸைக் கூட்டி, "5.1 ரீமாஸ்டர்"னு ஏத்துறதுக்கு வேற பேர் இருக்கு. நான் சொல்லல.

3) சத்தம் எப்படிக் கூடுது? டிஜிட்டல் பதிவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால உயர்ந்த இடங்களை அமுக்கிட்டு, மொத்தப் பாட்டையும் அந்தக் கூரையில முட்டுற அளவுக்குத் தூக்குவாங்க. இதுக்குப் பேர் கம்ப்ரஷன். அளவோட செஞ்சா தேவையான கருவிதான். அளவு மீறினா மெல்லிசும் அதிர்வும் ஒரே உயரத்துக்கு வந்துடும்.

4) என் தொழில் பாஷையில சொல்றேன். ஈசிஜியில பி அலை சின்னது, கியூஆர்எஸ் உயரம், இடையில தட்டைக் கோடு. அந்த ஏற்ற இறக்கத்தை வச்சுத்தான் இதயத்துல என்ன நடக்குதுன்னு படிக்கிறோம். "எல்லா அலையும் பளிச்சுனு தெரியட்டும்"னு எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் கொடுத்தா? பார்க்க அழகா இருக்கும். அதுல படிக்க ஒண்ணும் இருக்காது.

5) எல்பியில மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இருக்குற இடைவெளி சுமார் 70 டெசிபல். சிடியில சுமார் 96. இவ்வளவு இடம் கிடைச்ச பிறகும் மேல் விளிம்புல இருக்குற சில டெசிபலுக்குள்ள முழுப் பாட்டையும் திணிக்கிறாங்க. பெரிய வீடு கட்டிட்டு குடும்பமே மொட்டை மாடியில நிக்கிற கதை.

6) ராக் உலகம் இதுல நல்லா அடிபட்டிருக்கு. இக்கி அண்ட் தி ஸ்டூஜஸோட "ரா பவர்" 1973-ல வந்தது, மிக்ஸிங் டேவிட் பௌவி. 1997-ல இக்கி பாப் அதை மறுபடி மிக்ஸ் பண்ணினார். சத்தத்துக்கே பேர் போன பதிப்பு அது. ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சு இன்னும் சண்டை போடுறாங்க. ஆனா 2010-ல பௌவி மிக்ஸும் திரும்ப வெளியாச்சு. கேக்குறவன் தேர்ந்தெடுத்துக்கலாம். அது நியாயம்.

7) 2008-ல மெட்டாலிகாவின் "டெத் மேக்னடிக்". ஆல்பம் காதைக் கிழிக்கிற அளவுக்கு அமுக்கப்பட்டிருந்தது. அதே பாட்டுகள் "கிட்டார் ஹீரோ" வீடியோ கேம்ல அமுக்காம வந்து, அது தெளிவா இருந்தது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்து போட்டு "திரும்ப மாஸ்டர் பண்ணிக் கொடு"ன்னு கேட்டாங்க. காசு கொடுத்தவன் கேள்வி கேட்டான். நாம ஹார்ட்டின் விடுறோம்.

8) ரீமாஸ்டரே தப்புன்னு சொல்லல. 2009-ல வந்த பீட்டில்ஸ் மறுபதிப்புக்கு அபே ரோடு ஸ்டுடியோ இன்ஜினியர்கள் சுமார் 4 வருஷம் உழைச்சாங்க. மொத்தம் 525 நிமிஷ இசையில, இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தினது 5 நிமிஷத்துக்கும் குறைவு. எங்க கை வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க செஞ்ச வேலை. நல்ல சர்ஜனும் அப்படித்தான்.

9) இப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்", 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் அர்ப்பணிச்ச ஆல்பம். வி.எஸ். நரசிம்மன் வயலின் தனியா மெல்ல ஒலிக்கிற இடமும், பின்னால வயலின் கூட்டம் எழுற இடமும் ஒரே உயரத்துல இருந்தா அந்த எழுச்சிக்கு என்ன மதிப்பு?

10) 1988-ல "நத்திங் பட் விண்ட்". ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். குழல்ல மூச்சுக்காத்து உரசுற ஒலியும் டேப்போட "உஸ்" இரைச்சலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. "சுத்தம் பண்றேன்"னு இரைச்சலை வழிச்சு எடுத்தா மூச்சும் சேர்ந்து போகும். காத்தைப் பத்தின ஆல்பத்துல காத்தே இருக்காது.

11) அப்புறம் ஏன் நமக்கு அது பிடிக்குது? ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, ஒண்ணுல சத்தம் கொஞ்சம் கூட இருந்தா, அதுதான் தரம்னு மனுஷ மூளை சொல்லும். ஓபியில "மாத்திரை வேணாம் சார், ஊசி போடுங்க"ன்னு கேக்குறாங்களே, அதே மாதிரி. சுருக்குனு பட்டாதான் வைத்தியம்.

12) "பஸ்ஸுல கேக்க சத்தம் வேணாமா டாக்டர்?" வேணும்னா வால்யூமை நீங்க கூட்டிக்கோங்க, அந்த பட்டன் உங்க கையில இருக்கு. அமுக்கின பாட்டைப் பழையபடி விரிக்க உங்களால முடியாது. அதோட ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சத்தமான பாட்டைத் தானாவே இறக்கிடும். ஏத்தின சத்தமும் போச்சு, அமுக்கினது மட்டும் மிச்சம்.

13) பழனியில ஏறி திண்டுக்கல் வரைக்கும் இயர்போனைக் கழட்டாத தம்பிகளுக்கு: உலக சுகாதார நிறுவனக் கணக்குல 80 டெசிபல்னா வாரம் 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வாரம் 4 மணி நேரம்தான். ஒரே வால்யூம்ல வச்சாலும், அமுக்கின பாட்டு ஓயாம ஒலிக்கிறதால காதுக்குப் போற ஒலி அதிகம். உள்காது முடிச்செல்கள் செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. அதுக்கு ரீமாஸ்டர் கிடையாது. காதுல "ங்ஙொய்"னு சத்தம் நிக்காம இருந்தா அரசு மருத்துவமனை இ.என்.டி. பிரிவுக்கு வாங்க.

14) கம்பெனிகள்கிட்ட நாம கேக்க வேண்டியது மூணு. எந்த டேப்புல இருந்து, யார், என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. பழைய பதிப்பைத் தூக்காம பக்கத்துலயே வைங்க. கேசட் உறையில பேர் வராத வாத்தியக்காரர்கள் பேரை இப்பவாவது போடுங்க. எங்க ஆயக்குடி கொய்யாவை வாங்கும்போதுகூட எந்தத் தோட்டம், எப்பப் பறிச்சதுன்னு கேக்குறோம். பாட்டுக்குக் கேக்கக் கூடாதா?

15) பழைய பதிப்பை எடுத்துட்டு சத்தப் பதிப்பை மட்டும் விட்டா, அடுத்த தலைமுறைக்கு அதுதான் ஒரிஜினல். பழைய கேசட், சிடி வீட்டுல இருந்தா தயவுசெஞ்சு எடைக்குப் போடாதீங்க.

- அரசு மருத்துவர் (எம்.பி.பி.எஸ்.), ஆயக்குடி