ரகசியத்தைக் கசியவிட்டவர் எல்லாம் அந்நிய நாட்டு உளவாளியா? ஸ்னோடென் விவகாரம் சொல்வது என்ன?

அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடென் இன்று ரஷ்யக் குடிமகன். 2022 செப்டம்பரில் அதற்கான ஆணையில் கையெழுத்திட்டவர் அதிபர் புதின். 'அப்போ ஆரம்பத்துல இருந்தே இவர் ரஷ்யாவோட ஆள்தானே?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

ரஷ்யா போனது எப்படி?

அமெரிக்காவின் என்.எஸ்.ஏ உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென், 2013 மே மாதம் ஆவணங்களுடன் ஹாங்காங் போனார். அவற்றைக் கொடுத்தது பத்திரிகையாளர்களிடம். கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் போன் அழைப்பு விவரங்களை அரசு மொத்தமாகச் சேகரிப்பது ஜூன் 5-ம் தேதி வெளியே வந்தது. ஜூன் 23-ல் மாஸ்கோவில் இறங்கினார். அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா போவதுதான் திட்டம் என்கிறார் அவர். அமெரிக்கா பாஸ்போர்ட்டை ரத்து செய்திருந்ததால், விமான நிலையத்திலேயே ஒரு மாதத்துக்கும் மேல் முடங்கினார். பிறகுதான் ரஷ்யா தற்காலிக அடைக்கலம் கொடுத்தது.

தெரிந்தே உதவினாரா?

ரஷ்யா போனதிலிருந்து அந்நாட்டு உளவுத்துறையுடன் அவருக்குத் தொடர்பு இருக்கிறது என்றது 2016-ல் வெளியான அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை. ஸ்னோடென் இதை மறுக்கிறார். ஆவணம் எதையும் ரஷ்யாவுக்குக் கொண்டு போகவில்லை என்கிறார். 2013-ல் அவர் மீது போடப்பட்ட வழக்கில் உளவுச் சட்டப் பிரிவுகள் உண்டு. ஆனால் ரஷ்யாவுக்காக வேலை பார்த்தார் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை.

சி.ஐ.ஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கதையே வேறு. 1985 முதல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்றார். கிடைத்தது 20 லட்சம் டாலருக்கும் மேல். அவர் காட்டிக்கொடுத்ததில் பலர் கொல்லப்பட்டனர். 1994-ல் சிக்கினார்.

தெரியாமல் உதவ முடியுமா?

முடியும். 2014 ஏப்ரலில் ரஷ்ய டிவி நிகழ்ச்சியில் வீடியோ மூலம் தோன்றிய ஸ்னோடென், 'ரஷ்யா மக்களைக் கண்காணிக்கிறதா?' என்று புதினிடம் கேட்டார். மொத்தமாகக் கண்காணிப்பதில்லை என்று சொல்லிவிட்டார் புதின். அவரைச் சிக்க வைக்கவே கேட்டதாக மறுநாள் ஸ்னோடென் விளக்கினார். ஆனால் பிரசாரத்துக்குப் பயன்பட்டுவிட்டார் என்ற விமர்சனம் நிற்கவில்லை.

2016-ல் ஜனநாயகக் கட்சியின் இமெயில்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. அவற்றைத் திருடியதாக 2018-ல் 12 ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள் மீது அமெரிக்கா வழக்கு போட்டது. தங்களுக்குக் கொடுத்தது எந்த அரசும் இல்லை என்றே சொல்லி வந்தார் அசாஞ்சே.

அப்போ எதைப் பார்ப்பது?

ரகசியம் யார் கைக்குப் போனது? பதிலுக்கு என்ன கிடைத்தது? வெளியிடும் நேரத்தை முடிவு செய்தது யார்? இந்த மூன்றும்தான் முக்கியம். யாருக்கு லாபம் என்பதை மட்டும் வைத்து உளவாளி முத்திரை குத்தினால், ஆவணத்தில் இருக்கும் உண்மை பேசப்படாமலே போய்விடும். ஸ்னோடென் சொன்ன அந்த போன் கண்காணிப்பை 2015-ல் புதிய சட்டம் நிறுத்தியது. அது சட்டவிரோதம் என்று 2020-ல் சொன்னது ரஷ்யா இல்லை, அமெரிக்க நீதிமன்றம்.